மருதாயி சொன்ன படத்தில் வந்த கெட்டவன்

மருதாயி பிறந்தது வாலிகண்டபுரத்தில். வாக்கப்பட்டு வந்தது பூலாம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு. அவள் புருஷன் தங்கராசு என் வீட்டுக்காரருக்குத் தம்பி மகன். அவள் பகையாக நினைத்த ராஜதுரை இன்னொரு தம்பியின் மகன். இரண்டு பேரும் எனக்குப் பிள்ளை முறை, இரண்டு பேருடைய கல்யாணத்துக்கும் முகூர்த்தக்கால் நட்டவள் நான். அதனால் ஒருத்தி பக்கமே சாய்ந்து பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. சாய்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

மருதாயிக்குச் சினிமா என்றால் உயிர். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு அவளைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் போயிற்று. வேலை இல்லாத நாளில் சுவாதியையும் இன்னும் சில பெண்களையும் சேர்த்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போய்ப் பகல் காட்சி பார்த்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவாள். சுவாதி எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த மருமகள், வாயாடி. மறுநாள் ஏரிக்கரையில் நூறு நாள் வேலை நடக்கும்போது, படத்துக்குப் போகாத பெண்களெல்லாம் மருதாயியைச் சூழ்ந்துகொள்வார்கள். நான் அங்கே தண்ணீர் கொடுக்கிறவள். வயதானவர்களுக்கு அந்த வேலைதான்.

"படம் எப்படிக்கா?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள்.

"மொதப் பாதி நாட்டுக்கோழிக் கொழம்பு. ரெண்டாம் பாதி, அந்தக் கொழம்புல தண்ணிய ஊத்திட்டானுங்க."

"கதாநாயகன்?"

"அவனுக்கு அழவே வரலடி. ஆத்தா செத்துக் கெடக்கறா, இவன் முடிய ஒதுக்கி வுட்டுக்கிட்டு நிக்கிறான். நம்மூரு எழவுக்கு வந்திருந்தான்னா ஒப்பாரி வெக்கிறவளே தொரத்தி வுட்டுருப்பா."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா, எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்பாள் சுவாதி.

"உனக்கு அவன் சட்டையப் புடிச்சிருந்துச்சு. படத்த நீ எங்க பாத்த?"

இப்படித்தான் போகும். அபிப்பிராயம் முடிந்த பிறகு கதை. மண்வெட்டியைத் துப்பாக்கியாகப் பிடிப்பாள், அன்னக்கூடையைக் கவிழ்த்து நாற்காலியாகப் போட்டு உட்கார்ந்து போலீஸ்காரர் மாதிரிக் குரலை மாற்றுவாள். அவள் சொல்வது எப்போதும் பார்த்ததை அப்படியே சொல்வதுதான். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அதனாலேயே ஊரில் பாதிப் பெண்கள் அவள் வாயால் கேட்டதையே படம் பார்த்த கணக்கில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த வழக்கம் மாறியது அவள் மகள் சிவரஞ்சனியின் கல்யாணம் நின்றுபோன பிறகுதான்.

சிவரஞ்சனி நர்ஸ் படிப்பு முடித்துவிட்டுப் பெரம்பலூரில் வேலை பார்க்கிறாள். நல்ல உயரம், நிதானமான பெண். அவளைத் தன் மச்சினன் நடராசனுக்குக் கேட்டான் ராஜதுரை. நடராசன் ஒரு இடத்தில் நிலையாக இருக்க மாட்டான், சாராய வாடையும் உண்டு. மருதாயி நேராகவே சொல்லிவிட்டாள்: "எம் பொண்ணக் கெணத்துல தள்ளுறதுன்னாலும் நல்ல தண்ணி இருக்கிற கெணறாப் பாத்துத் தள்ளுவேன் தம்பி." கொழுந்தனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். துண்டை ஒரு தோளிலிருந்து எடுத்து உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு போனான். பேசும்போதெல்லாம் அவனுக்கு அந்தப் பழக்கம். வாய் ஒன்று சொல்லும்போது கை துண்டை மாற்றிக்கொண்டே இருக்கும்.

பிறகு அரியலூர் ஜில்லாவில், தா.பழூரில் ஒரு இடம் வந்தது. நெல் விளைகிற குடும்பம். மாப்பிள்ளை மணிவேலுக்குச் சிமெண்டு ஆலையில் வேலை. பூ வைத்துவிட்டுப் போனார்கள். பத்திரிகை அடிக்கிற நேரத்தில், வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

தங்கராசு வாய் செத்தவன். கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருதாயிதான் தனியாகப் பஸ் ஏறி, பெரம்பலூர், அரியலூர் என்று மாறி மாறித் தா.பழூர் போனாள். மாப்பிள்ளையின் தாய் முதலில் வாசலிலேயே நிற்க வைத்தாள். பிறகு மனசு கேட்காமல் உள்ளே கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்: "ஒங்க பொண்ணுக்கு வலிப்பு வருமாமே. சாவிக் கொத்தக் கையில குடுத்துத்தான் வளத்தீங்களாமே. ஒங்க பங்காளி ஒருத்தரே வந்து சொன்னாரு. பேரு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"பேரு வேணாம்மா. ஆளு எப்படி இருந்தாரு?"

"எப்படின்னா… பேச்சுக்குப் பேச்சு துண்டத் தோள் மாத்திக்கிட்டே இருந்தாரு."

மருதாயி தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பினாள்.

வந்து பங்காளிகளைக் கூட்டினாள். செல்லியம்மன் கோயில் வாசலில் காலையில் எல்லோரும் உட்கார்ந்தோம். "எம் பொண்ணப் பத்தி இல்லாத ஒரு வியாதியச் சொல்லிக் கல்யாணத்தக் கெடுத்தது இந்த ராஜதுரைதான்" என்றாள். என்ன வியாதி என்று பெரியவர்கள் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. "அத எம் வாயால சொன்னா, நாளைக்கி ஊரே சொல்லும். எம் பொண்ணு மேல ஒட்டிக்கும். சொல்ல மாட்டேன்." எனக்குக்கூட அந்த நேரத்தில் தெரியாது. அவள் புருஷனுக்கும் தெரியாது. மகளுக்கும் தெரியாது.

ராஜதுரை எழுந்தான். "சூடம் ஏத்துங்க" என்றான். தன் மகன் ஆண்டவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினான். அவன் காலேஜ் படிக்கிற பிள்ளை. அவன் தலையில் இடது கையை வைத்தான். எரிகிற சூடத்தை வலது உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "நான் தா.பழூருக்கும் போவல, யாருகிட்டயும் எதையும் சொல்லவும் இல்ல. சொல்லியிருந்தா எம் புள்ளைக்கி ஆவாது" என்றான்.

அவ்வளவுதான். எங்கள் ஊரில் சூடம் அணைத்துவிட்டால் பேச்சு முடிந்துபோகும். அதற்குப் பிறகு அதே ஆள் பேரைச் சொல்லி அதே குற்றத்தை எடுத்தால், எடுத்தவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது. பூசாரி அதையும் மருதாயியைப் பார்த்தே சொன்னார். அவள் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"அத்த, அவன் அணைச்சதப் பாத்தீங்களா?" என்றாள். "கைய எடுத்த ஒடனே துண்ட மாத்திப் போட்டான் பாத்தீங்களா?"

"வுட்டுரு மருதாயி. ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தா பாக்கறப்போ பாக்கட்டும். அதுக்கு மொத நான் பாக்கறேன்."

அடுத்த படம் வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் ஏரிக்கரையில் கதை ஆரம்பித்தது. கெட்டவன் பெரிய பணக்காரன், ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "எறங்குனதும் தோள்ல இருந்த துண்ட எடுத்து ஒதறி இந்தப் பக்கம் போட்டான்" என்றாள். தன் முந்தானையை எடுத்து உதறி மறு தோளில் போட்டும் காட்டினாள்.

படம் பார்த்த சுவாதிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏங்க்கா, கோட்டு போட்டிருந்தான். ஹெலிகாப்டர்ல வர்றவன் தோள்ல ஏதுக்கா துண்டு?"

"நீ பாப்கார்னப் பாத்துக்கிட்டு இருந்த. நான் படத்தப் பாத்தேன்."

பெண்கள் சிரித்தார்கள். ஆனால் மருதாயியின் முகத்தில் சிரிப்பு இல்லை. சுவாதி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எங்களோடு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பச்சையம்மாவைப் பார்த்தாள். பச்சையம்மா ராஜதுரையின் பெண்சாதி. சுவாதிக்கு விளங்கிவிட்டது. "ஆமாக்கா, துண்டு இருந்துச்சு. சேப்புக் கரை போட்ட துண்டு" என்றாள். அன்றிலிருந்து அவளும் கூட்டு.

அதற்கு அடுத்த படத்தில் அந்தத் துண்டுக்காரன் பஸ் ஏறினான். பெரம்பலூர், அரியலூர் தாண்டி எங்கோ நெல் விளைகிற ஊருக்குப் போய், ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு பெண்ணுக்கு ஏதோ வியாதி என்று சொல்லிவிட்டு வந்தான். "என்ன வியாதிக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "அத மட்டும் காதுல சொல்றானாம், நமக்குக் கேக்காது. டைரக்டரு அப்படி எடுத்திருக்கான்" என்றாள் மருதாயி.

"நல்ல டைரக்டருதான்" என்றேன் நான்.

"ரொம்ப நல்ல டைரக்டரு அத்த. கதை எழுதினவன் நம்ம பக்கமாம். தா.பழூர்க்காரப் பையனாம்."

அந்தக் கடைசிப் பேச்சு சுத்தப் பொய். அதை வேண்டுமென்றேதான் போட்டேன் என்று பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். தூண்டிலில் புழு கோத்த மாதிரி. பேரைச் சொல்லவில்லை, குற்றம் சாட்டவில்லை, சினிமாக் கதைதான் சொன்னாள். ஊர்க் கட்டுப்பாட்டில் சினிமாக் கதை சொல்லக்கூடாது என்று இல்லையே.

மூன்றாவதாக ஒரு படம் வந்தது, அரிவாள் படம். அதுவும் அந்தத் தா.பழூர்ப் பையன் கதைதானாம்; அதே துண்டுக்காரன் அதிலும் பஸ் ஏறிப் போய்க் காதில் வியாதி சொன்னான், பிறகு கோயிலில் பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்துச் சூடத்தை அணைத்தான். அதைச் சொன்னபோது எல்லோரும் பச்சையம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சையம்மா எழுந்து போய் வரப்பில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

இனி இதை மூடி வைக்க முடியாது. பெண்கள் வீட்டில் சொன்னார்கள், ஆண்கள் சின்னதுரையின் டீக்கடையில் சொன்னார்கள். சின்னதுரைக்கு யாரையாவது சீண்டாவிட்டால் டீ கொதிக்காது.

"என்ன ராஜதுர, படத்துலல்லாம் நடிக்கிறியாமே. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல?"

"எவன் சொன்னான்?"

"ஊரே சொல்லுது. தா.பழூர்ப் பையன் கதையாம். ஆளு, துண்டு, எல்லாம் அச்சு அசலா நீதானாம். சம்பளம் என்ன குடுத்தானுங்க?"

ராஜதுரை பாதி டீயை வைத்துவிட்டுப் போனான். மறுநாள் பெரம்பலூரில் தியேட்டர் வாசலில் அவன் வண்டி நின்றதை, உரம் வாங்கப் போன சின்னதுரை கண்ணால் பார்த்துவிட்டான். பகல் காட்சி முடிந்து கூட்டம் வெளியே வந்தது, ராஜதுரையும் வந்தான். வந்தவன் வண்டியை எடுக்கவில்லை. கவுண்டரில் நின்று மறுபடியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். முதல் தடவை பார்க்கும்போது எங்கேயோ கண் அசந்திருப்போம், அந்த நேரத்தில் தன் காட்சி போயிருக்கும் என்று நினைத்திருக்கிறான். சின்னதுரை இதை ஊருக்கே வந்து சொன்னான். சிரிக்காத ஆள் இல்லை. குற்றமில்லாதவன் எதற்காக ஒரே படத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை பார்க்கிறான் என்று, சிரித்து முடித்தவர்கள் யோசிக்கவும் ஆரம்பித்தார்கள்.

அடுத்த நாள் காலையில் நாங்கள் வேலையில் இருந்தபோது வண்டியை ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணி!"

மருதாயி மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "வா தம்பி."

"நீ சொன்ன படத்தப் பாத்துட்டுத்தான் வரேன்."

"நல்லா இருந்துச்சா? ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவ, இல்ல?"

சுவாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு இன்னும் ஏறிவிட்டது.

"சிரிக்காதீங்கடி! இவ சொன்னதெல்லாம் பொய்யி. முழுப் படமும் பாத்துட்டேன். அதுல துண்டு போட்டவன் ஒருத்தனும் இல்ல. எவனும் பஸ் ஏறி எங்கயும் போவல. பொண்ணுக்கு வலிப்புன்னு எவனும் சொல்லல. சாவிக் கொத்து, ஒரு மண்ணும் இல்ல. சூடமும் இல்ல. எல்லாம் இவ கட்டுன கத!"

மருதாயி மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி சுவாதி, நான் கதை சொன்னப்போ அந்தப் பொண்ணுக்கு என்ன வியாதின்னு சொன்னேன்?"

"சொல்லலியே. காதுல சொல்றான், நமக்குக் கேக்காதுன்னீங்க."

"சாவிக் கொத்துன்னு சொன்னேனா?"

"இல்லக்கா."

"அத்த, கோயில்ல பெரியவங்க கேட்டாங்களே, அப்பவாவது சொன்னேனா?"

"இல்ல தாயி" என்றேன். "எங்கிட்டகூட சொல்லல."

"தா.பழூர்ல அந்தம்மா எங்காதுல மட்டும் சொன்னது அது. எம் புருசனுக்குத் தெரியாது, எம் பொண்ணுக்குத் தெரியாது. வலிப்புன்னு ஒனக்கு எப்படித் தம்பி தெரிஞ்சுது?"

ராஜதுரை வாயைத் திறந்தான். கை தானாகப் போய்த் துண்டை எடுத்தது. எல்லோருடைய கண்ணும் அந்தத் துண்டின் மேல் இருந்ததைப் பார்த்து, எடுத்த துண்டை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

அன்றும் தள்ளி வரப்பில் இருந்த பச்சையம்மா எழுந்து வந்தாள். மருதாயி பெண் தரவில்லை என்று அவளுக்கும் கோபம் உண்டு. நடராசன் அவள் கூடப் பிறந்த தம்பி அல்லவா. அத்தனை நாளும் மருதாயியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். இப்போது நேராகப் புருஷன் முன்னால் போய் நின்றாள். வாழ்நாளில் அவனை நீங்க என்றுதான் கூப்பிட்டவள்.

"எம் புள்ள தலையிலயா கைய வெச்சு அணைச்ச?" என்றாள். "பொய்யின்னு தெரிஞ்சும், எம் புள்ள தலையிலயா?"

"பச்ச, அது வந்து…"

"எந்தலையில வெச்சிருக்கலாம்ல. ஒந்தலையில வெச்சிருக்கலாம்ல. பரீட்சைக்கிப் போற புள்ளடா!"

புருஷனை டா போட்டு ஒரு பெண் ஏரிக்கரையில் வைத்துப் பேசியதை எங்கள் ஊர் அன்றுதான் கேட்டது. அவள் மண்ணை வாரி அவன் மேல் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மருதாயி அவளைத் தேற்றப் போகவில்லை. தடுக்கவும் இல்லை. மண்வெட்டியை எடுத்து விட்ட இடத்திலிருந்து மண்ணைக் கொத்த ஆரம்பித்தாள்.

பொய்ச் சத்தியத்துக்கு எங்கள் ஊரில் பரிகாரம் உண்டு. அதே இடத்தில் மறுபடி சூடம் ஏற்றி, செய்ததை உரக்கச் சொல்ல வேண்டும். கெடுதல் யாருக்குச் செய்தோமோ அவர்கள் தங்கள் கையால் திருநீறு எடுத்துச் சத்தியம் செய்தவர் நெற்றியில் பூச வேண்டும். பூசினால்தான் சத்தியம் இறங்கும், பிள்ளைக்கு ஆபத்து இல்லை. பச்சையம்மா அன்று சாயங்காலமே மருதாயி வீட்டு வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மொதல்ல தா.பழூர்ல போய்ச் சொல்லட்டும். எங்க சொன்னானோ அங்க போய்ச் சொல்லட்டும்" என்றாள் மருதாயி.

பங்காளிகள் கூடப் போனார்கள். நானும் போனேன். மணிவேல் வீட்டில், அக்கம்பக்கத்து ஆட்கள் நிற்க, "நான் சொன்னது பொய்யி. அந்தப் பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல" என்று தரையைப் பார்த்துக்கொண்டே ராஜதுரை சொன்னான். "சத்தமா சொல்லு தம்பி, பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் மருதாயி. மறுபடியும் சொன்னான்.

மாப்பிள்ளையின் தாய் அழுதேவிட்டாள். மறுபடி பேசலாமா, பையனும் இன்னும் வேறு இடம் பார்க்கவில்லை என்றாள். வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டோம். சிவரஞ்சனி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எவனோ சொன்னத நம்புனாங்க. நான் நர்ஸு, என்னைக் கூப்ட்டு ஒரு வார்த்த கேக்கலியே. வேணாம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை செல்லியம்மன் கோயிலில் ஊரே கூடியது. ராஜதுரை சூடம் ஏற்றிச் செய்ததையெல்லாம் சொன்னான். நடராசனுக்குப் பெண் தராத ஆத்திரத்தில் செய்தேன் என்றான். மருதாயியின் காலில் விழுந்தான். பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். மகன் ஆண்டவரும் பச்சையம்மாவும் பக்கத்தில் கைகூப்பி நின்றார்கள்.

மருதாயி மூன்று விரலால் திருநீற்றை எடுத்தாள். அந்தப் பையனைப் பார்த்தாள். கிட்டே கூப்பிட்டு அவன் நெற்றியில் பூசினாள். "நீ போய்ப் பரீட்ச எழுது சாமி, ஒனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். பிறகு ராஜதுரையைப் பார்த்தாள். விரலில் மிச்சமிருந்ததைத் தட்டிலேயே உதிர்த்தாள்.

"ஒனக்கு இப்ப இல்ல தம்பி. எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறுற அன்னைக்கி, மணவறையில வெச்சுப் பூசுறேன். அதுவரைக்கும் வெறும் நெத்தியோட இரு."

"மருதாயி, கால்ல வுழுந்துட்டான்மா" என்றார் ஒரு பெரியவர்.

"வுழுந்தவரு எந்திரிச்சுப் போய் மாப்புள்ள பாக்கட்டும். கெடுத்தவருதான தேடணும்?"

பூசாரி தட்டைக் கீழே வைத்தார். பூசுவது எப்போது என்று வழக்கத்தில் எங்கேயும் சொல்லவில்லை.

அதிலிருந்து சிவரஞ்சனிக்கு மாப்பிள்ளை தேடுகிற வேலை ராஜதுரைக்கு. பச்சையம்மா அவனை வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன விடுவதில்லை. திருநீறு பூசாத நெற்றியோடு கோயிலுக்குள் நுழைய முடியாது, ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்ட முடியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெயங்கொண்டம், துறையூர், ஆத்தூர் என்று அலைகிறான். கொண்டுவருகிற இடங்களும் ஒன்றுக்கு ஒன்று குறைவில்லாத இடங்கள்தான். சிவரஞ்சனி எல்லாப் போட்டோவையும் பொறுமையாகப் பார்க்கிறாள். ஒருத்தனுக்குக் காது பெரிசு, ஒருத்தன் சிரிப்பே சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். தாயும் அவளை அவசரப்படுத்துவதில்லை.

போன வாரம்கூட வந்தான். நாங்கள் ஏரிக்கரையில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் பார்த்துவிட்டு வந்த பேய்ப் படத்தை மருதாயி சொல்லிக்கொண்டிருந்தாள். பேய் நன்றாக இருக்கிறது, பேய்க்குப் போட்ட பாட்டுத்தான் கல்யாணப் பாட்டு மாதிரி இருக்கிறது என்று சுவாதியோடு சண்டை. பச்சையம்மாவும் இப்போது படத்துக்குப் போகிறவர்களில் ஒருத்தி. பேய் பாவம் என்பது அவள் கட்சி.

ராஜதுரை வண்டியை நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு வெயிலில் நின்றான். "அண்ணி, குன்னத்துல ஒரு எடம். பையன் வாத்தியாரு. நல்ல குடும்பம்" என்றான்.

மருதாயி திரும்பிப் பார்த்தாள்.

"நில்லு தம்பி. எடைவேள வரைக்கும் சொல்லிட்டு வரேன்."

நிழலில் இடம் இருந்தது. வா என்று யாரும் கூப்பிடவில்லை. அவள் கதையைத் தொடர்ந்தாள்.